ஓடிக்கொண்டே இருந்த பென்சில்

போன மாதம் செல்வி கூப்பிட்டாள். நான் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அலுவலகத்தில் இப்போது சுருக்கெழுத்தராக இருக்கிற பெண். அங்கே ஏதோ கருத்துக் கேட்புக் கூட்டம் வருகிறதாம். "சார், கூட்டத்துல பத்துப் பேரு ஒரே நேரத்துல பேசறாங்க. எதை எழுதறது, எதை வுடறதுன்னே தெரியல. ஒரு அரை மணி நேரம் வந்து எங்களுக்குச் சொல்லுங்க சார்" என்றாள். முழங்கால் வலி என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். முழங்காலுக்கு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் ஏரிக்கரை வரைக்கும் நடந்துவிட்டு வருகிறவன் நான்.

அன்று மாலை தொலைக்காட்சியைப் போட்டால் நான்கு பேர் கத்திக்கொண்டிருந்தார்கள். கட்சிக்கு அள்ளிக் கொடுத்த ஒரு பெரும் பணக்காரரிடம் ஒரு நாட்டின் கல்வியை ஒப்படைப்பது சரியா, தவறா என்று விவாதம். ஒருவர் தகுதி என்றார், இன்னொருவர் திறமை என்றார், மூன்றாமவர் பொறாமை என்றார். எந்த நாடு, யார் அந்தப் பணக்காரர் என்றுகூட நான் கவனிக்கவில்லை. அரை மணி நேரம் கேட்டேன். அவர்களில் ஒருவர்கூட ஒரு பள்ளிக்கூடத்தின் பெயரைச் சொல்லவில்லை. அணைத்துவிட்டேன்.

செல்விக்குச் சொல்ல வாய் வராததை எழுதியாவது வைப்போம் என்று அப்போதுதான் தோன்றியது. அலுவலகத்தின் பெயர் வேண்டாம். ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். என் தவறை மட்டும் மாற்றவில்லை.

என் ஊர் களமருதூர். நெல் போட்டு வாழ்ந்த குடும்பம். வயலுக்கு நான் லாயக்கில்லை என்பது சின்ன வயதிலேயே என் அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. பத்தாவது முடித்ததும் உளுந்தூர்பேட்டையில் ஒரு தட்டச்சுப் பயிலகத்தில் சேர்த்துவிட்டார். தட்டச்சும் சுருக்கெழுத்தும் அங்கேதான் படித்தேன். முதல் பாடம் ப, ட, ச, க என்ற நான்கு எழுத்துகளுக்கான கோடுகள். வரி வரியாக, பக்கம் பக்கமாக அந்தக் கோடுகளையே போட வேண்டும். தூக்கத்தில்கூடக் கை போடும். அங்கே எங்களுக்குச் சொல்லித் தந்த மாஸ்டர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார்: "காதுக்கும் கைக்கும் நடுவுல நீ வராத. காது கேக்கட்டும், கை எழுதட்டும். உனக்கு அங்க வேலை இல்ல." நான் நல்ல மாணவன். அவர் சொன்னபடியே நடுவில் வராமல் இருக்கப் பழகிவிட்டேன். அரசுத் தேர்வில் தேறி, கள்ளக்குறிச்சியில் அந்த அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். பள்ளிக்கூடங்களை நிர்வகிக்கிற அலுவலகம் என்பதோடு விட்டுவிடுகிறேன்.

அங்கே எனக்கு அதிகாரியாக வந்தவர் வேதாசலம் சார். ஒல்லியான மனிதர், வெள்ளை அரைக்கைச் சட்டை, பையில் ஒரே ஒரு பேனா. பச்சை மை. அந்தப் பேனாவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கூட்டம் தொடங்கும்போது மூடியைக் கழற்றி மேசையின் இடது பக்கம் வைப்பார். மூடி கழன்றிருக்கும் வரை நான் எழுதலாம். யாராவது வேண்டாததைப் பேசினால், அவர் முகம் மாறாது, தலை திரும்பாது. பேனாவுக்கு மூடியைப் போடுவார். டக் என்று ஒரு சின்னச் சத்தம். அத்தோடு நான் எழுதுவதை நிறுத்திவிட வேண்டும். மறுபடி மூடி கழன்றால் மறுபடி எழுத வேண்டும். இதை அவர் எனக்கு வாயால் சொன்னதே இல்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே நானாகப் புரிந்துகொண்டேன். புரிந்துகொண்டேன் என்று அவருக்கும் புரிந்தது. இப்படிப்பட்ட ஸ்டெனோ கிடைப்பது கஷ்டம் என்று மற்ற அதிகாரிகளிடம் சொல்லியிருக்கிறார். என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது தன் ஜீப்பைக் கொடுத்து அனுப்பிய மனிதர். அவரை நான் வில்லனாக எழுத முடியாது.

ஆனால் எழுதுவதை நிறுத்துவதில் ஒரு சிக்கல் உண்டு. கூட்டத்தில் பேசுகிறவன் அதிகாரியின் முகத்தைப் பார்க்க மாட்டான். அதைப் பார்த்தால் பயம். சுருக்கெழுத்துக்காரனின் கையைத்தான் பார்ப்பான். கை நின்றால் பேசுகிறவனும் நின்றுவிடுவான். "ஏன் எழுதலை?" என்று கேட்பான், ரகளையாகும். அதனால் எங்கள் வட்டாரத்து ஸ்டெனோக்கள் எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தோம். எழுதுவதை நிறுத்துவோம், பென்சிலை நிறுத்த மாட்டோம். பென்சில் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். என் பென்சில் முதல் பாடத்தைப் போடும். ப, ட, ச, க. பார்க்கிறவனுக்கு எல்லாம் ஒரே கிறுக்கல்தான். தன் பேச்சு ஏறிக்கொண்டிருக்கிறது என்று நம்பி அவன் மனசாரப் பேசிவிட்டுப் போவான். இதில் எங்களுக்குக் கொஞ்சம் பெருமைகூட உண்டு. டீக்கடையில் சொல்லிச் சிரிப்போம்.

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த வருஷங்கள் அவை. எப்போது சாலையை மறிப்பார்கள், எப்போது பஸ் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது. படிப்பிலும் வேலையிலும் எங்களுக்கு இடம் கொடு என்று இந்தப் பக்கம் ஊர் ஊராகக் கொதித்துக்கொண்டிருந்தது. அந்த நேரம் பார்த்து, நாடு முழுவதற்கும் கல்விக் கொள்கை வகுக்க டெல்லியில் ஒரு குழு போட்டார்கள். அதற்குத் தலைவராக ஒரு தொழிலதிபரை உட்காரவைத்தார்கள். பிளாஸ்டிக் குழாய் விற்றுக் கோடீஸ்வரர் ஆனவர். தேர்தலில் ஆளும் கட்சிக்கு வாரி வழங்கியவர் என்று ஊரே பேசியது. எங்கள் அலுவலகத்தில் அவருக்கு வைத்த பெயர் பைப்புக்காரர்.

பத்திரிகைகள் இரண்டாகப் பிரிந்தன. ஒரு பக்கம், காசு கொடுத்தவனுக்குக் கல்வியா என்று. இன்னொரு பக்கம், படித்த மேதைகள் இத்தனை நாள் செய்து கிழித்தது என்ன என்று. எங்கள் அலுவலகத்திலும் சாப்பாட்டு வேளையில் இதே சண்டைதான். சோறு ஆறிப்போகும், சண்டை ஆறாது.

சின்னச் சின்ன ஓராசிரியர் பள்ளிகளை மூடிவிட்டு, பிள்ளைகள் தங்கிப் படிக்கிற மாதிரி பெரிய பள்ளிகள் கட்டலாம் என்பது அந்தக் குழுவின் யோசனை. மலைப்பகுதிகளில் இதை முதலில் செய்து பார்ப்பது என்று கல்வராயன் மலையை எடுத்துக்கொண்டார்கள். மலையில் ஊர் ஊராகப் போய்ச் சம்மதம் கேட்டு அறிக்கை அனுப்பும்படி எங்கள் அலுவலகத்துக்கு உத்தரவு வந்தது. வேதாசலம் சார் ஜீப்பில் வெள்ளிமலை வரை போனார். அங்கே இரண்டு பேரிடம் பேசினார். மழை பிடித்துக்கொண்டது, திரும்பிவிட்டார். மறுநாள் எல்லா ஊர்களும் சம்மதித்ததாக அறிக்கை சொன்னார். நான் எழுதினேன், தட்டச்சு அடித்தேன். இதெல்லாம் நடப்பதுதான் என்று நினைத்தேன்.

பிறகு பைப்புக்காரரே நேரில் வருவதாகச் செய்தி வந்தது. வெள்ளிமலையில் வைத்திருந்த கருத்துக் கேட்புக் கூட்டத்தை, போராட்டக்காரர்கள் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்ததால், கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு மாற்றினார்கள். முந்தின நாள்தான் அங்கே கல்யாணம் முடிந்திருந்தது. வாசலில் வாழைமரம் அப்படியே நின்றது. வாடகை நாற்காலி ஏற்றிய வண்டி மறியலில் மாட்டிக்கொள்ள, குழுத் தலைவரை மேடையில் மாப்பிள்ளைக்குப் போட்டிருந்த சிவப்பு வெல்வெட் நாற்காலியிலேயே உட்காரவைத்தோம். "மாப்ள வந்துட்டாருடோய்" என்று கூட்டத்தில் ஒரு குரல். அவரும் சிரித்தார். தெற்கத்திக்காரர், பம்பாயில் வளர்ந்தவர். நான் நினைத்திருந்ததற்கு நேர்மாறாகத் தன்மையான ஆள்.

"நான் ஆறாவதோட படிப்ப நிறுத்தினவன். எனக்கு நல்ல பள்ளிக்கூடம் கிடைக்கலை. இந்தப் பிள்ளைகளுக்காவது கிடைக்கணும்னு பார்க்கிறேன்" என்று ஆரம்பித்தார். எனக்கே கொஞ்சம் மனசு இளகியது.

அதற்குள் தண்டபாணி எழுந்துவிட்டார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குரல் மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கும். "முப்பது வருசம் சாக்பீஸ் புடிச்சவன் நானு. ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காதீங்க. கட்சிக்கு நிதி குடுத்தீங்க, சரி. கல்விக்கு இன்னா குடுத்தீங்க? இந்த நாற்காலிக்கு உங்களுக்கு இன்னா தகுதி?"

டக். மூடி விழுந்தது. என் பென்சில் ப, ட, ச, க போட ஆரம்பித்தது.

கூட்டம் கைதட்டியது. கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, "ஆயிரம் குடும்பத்துக்கு வேலை குடுத்துக்கினு கீறாரு, அவரப் பாத்து இன்னா தகுதியா?" என்று பாய்ந்தார். "வேலை குடுத்தா வாத்தியாராயிடுவாங்களா?" என்று பதில். பின்னாலிருந்து இளைஞர்கள், "மொதல்ல எங்களுக்கு எடத்த ஒதுக்கு, அப்பறமா கொள்கை பேசு" என்று கத்தினார்கள். இந்த அமளியில் தண்டபாணி என்னை நோக்கி விரலை நீட்டினார்.

"தம்பி, நான் பேசனத வாசி. எழுதிக்கினியான்னு எனக்குத் தெரியணும்."

அரசு வேலையில் எனக்கு வேர்த்த நாட்களில் அது ஒன்று. வேதாசலம் சாரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் நோட்டைத் தூக்கிப் பிடித்து, ப, ட, ச, க என்றிருந்த பக்கத்தைப் பார்த்தபடி, அவர் பேசியதை ஒரு சொல் பிசகாமல் வாசித்தேன். காதில் விழுந்தது மறக்காது எனக்கு, பழக்கம் அப்படி. தண்டபாணி திருப்தியாக உட்கார்ந்தார். வேதாசலம் சார் மூடியைக் கழற்றினார். வாசித்துக் காட்டிய பிறகு வேறு வழி ஏது? தண்டபாணியின் பேச்சை ஒழுங்காக நோட்டில் ஏற்றிக்கொண்டேன். படித்தவருக்கு வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்கத் தெரிந்திருந்தது.

பிறகுதான் சின்னப்பொண்ணு எழுந்தாள்.

முப்பது வயதிருக்கும். மலையிலிருந்து ஏழு பேர் வந்திருந்தார்கள், அதில் அவள் ஒருத்திதான் பெண். கால் இரண்டும் முழங்கால் வரை செம்மண். கையில் கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒன்று. மகளுடையது என்று பிறகு தெரிந்தது. மேடையைப் பார்க்கவில்லை. நேராக என் பென்சிலைப் பார்த்துத்தான் பேசினாள்.

"மலையிலேர்ந்து வரோம், சாமி. எல்லா ஊர்லயும் வந்து கேட்டுட்டோம், சரின்னுட்டாங்கன்னு எழுதிக்கீறாங்களாமே. எங்க ஊருக்கு ஒருத்தரும் வரல…"

டக்.

பழக்கமில்லாத இடம் என்பதால் அவளுக்கு அந்தச் சத்தம்கூடக் கேட்டிருக்கிறது. பேச்சு நின்றது. என் பென்சிலும் ஒரு நொடி நின்றிருக்க வேண்டும். "எழுதுங்க சாமி, மெதுவாவே சொல்றேன்" என்றாள். பென்சில் ஓட ஆரம்பித்தது. அவள் எனக்காக ஒவ்வொரு சொல்லாக, இடம் விட்டு விட்டுப் பேசினாள்.

"ரோட்ல மரத்த வெட்டிப் போட்டுக்கீறாங்க, பஸ்ஸு இல்ல. நேத்து காலைல கெளம்பி, காட்டு வழியா எறங்கி, வடக்கனந்தல்ல படுத்துட்டு, நடந்தே வரோம். எங்களுக்கே காலு போச்சி. ஏழு வயசுப் புள்ள எப்பிடி வரும்? தங்க வெச்சிப் படிக்க வெக்கிறோம்னு சொல்றீங்க. ஆம்பளப் புள்ளய அனுப்புவாங்க. பொட்டப்புள்ளய எவன் அனுப்புவான்? எங்க ஊர்ல எழுதப் படிக்கத் தெரிஞ்ச மொதப் பொம்பள எம் பொண்ணு லட்சுமி. நாலாவது படிக்கிறா. இந்தா, அவ எழுதனது. அவளப் பாத்துத்தான் மத்ததுங்க பள்ளிக்கூடத்துக்கு வருது. பள்ளிக்கூடம் மழைக்கு ஒழுவுது, கூரைக்குப் புல்லு நாங்களே போட்டுக்கிறோம். வாத்தியாரு வாரத்துக்கு மூணு நாளுதான் வராரு, பரவால்ல, எங்களுக்கு மூணு நாளே ஜாஸ்தி. பள்ளிக்கூடத்த மட்டும் எங்க ஊர்லயே வுட்டுடுங்க. அவ்ளோதான், சாமி."

சண்டைக்காரர்கள் இரண்டு தரப்பும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைப்புக்காரர் முன்னால் சாய்ந்து, "அந்த அம்மா சொல்றதுல நியாயம் இருக்கு. குறிப்புல வரட்டும்" என்றார். வேதாசலம் சார் தலையாட்டினார். பேனாவின் மூடி போட்டபடியே இருந்தது. அவள் சொன்னது பதிவானால் அவருடைய அறிக்கை பொய்யாகிவிடும். அதை அடித்தவன் நான், எனக்குத் தெரியாதா?

கிளம்பும்போது பைப்புக்காரர் என் அருகில் நின்றார். "எல்லாம் வந்துடுச்சா தம்பி?"

"வந்துடுச்சுங்க ஐயா."

கூட்டத்தில் பேச வாய்ப்புக் கிடைக்காதவர்கள் பதினைந்து நாளுக்குள் எழுத்துமூலம் மனு கொடுக்கலாம் என்று அறிவித்துக் கூட்டத்தை முடித்தார்கள்.

மறுநாள் காலை சீக்கிரமே அலுவலகம் போனேன். குறிப்பைத் தட்டச்சு அடித்தேன். தண்டபாணி வந்தார், கட்சிக்காரர் வந்தார், இடஒதுக்கீடு கேட்ட இளைஞர்கள் வந்தார்கள். சின்னப்பொண்ணுவின் இடம் வந்தபோது நோட்டில் "மலையிலிருந்து வருகிறோம்" என்பது முதல் "ஒருத்தரும் வரவில்லை" என்பது வரை இருந்தது. அதற்குக் கீழே ஒன்றரைப் பக்கத்துக்கு முதல் பாடம். எனக்கு என்ன தோன்றியதோ, தனித் தாள் ஒன்றை மாட்டி, அவள் பேசியது முழுவதையும் நினைவிலிருந்து அடித்து, மற்றவற்றோடு சேர்த்து வைத்தேன்.

வேதாசலம் சார் படித்துக்கொண்டே வந்தார். அந்தத் தாளில் நின்றார். கோபப்படவில்லை.

"இது நோட்டுல இருக்கா?"

"ஆரம்பம் மட்டும் இருக்குங்க சார்."

"மிச்சம் நோட்டுல இல்லாம குறிப்புல எப்படி வரும்? நாளைக்கு யாராவது நோட்டைக் கேட்டா என்ன காட்டுவீங்க? உங்க வேலைக்கு ஆபத்துய்யா. நான் உங்களுக்காகத்தான் சொல்றேன்."

தாளை உருவி என்னிடமே நீட்டினார். நான் வாங்கிக்கொண்டேன். அதற்குப் பதிலாக அவர் சொன்ன ஒரு வரியைச் சேர்த்தேன்: "மலைப்பகுதி மக்களும் கூட்டத்தில் ஆர்வத்துடன் கலந்துகொண்டனர்."

இதுவரைக்கும் நடந்ததற்கு எனக்குச் சமாதானம் உண்டு. அதிகாரி சொன்னார், சின்ன வேலைக்காரன் கேட்டேன், குடும்பம் இருந்தது. இனிமேல் நடந்ததற்குத்தான் இல்லை.

ஒரு வாரம் கழித்து, பாதை கொஞ்சம் திறந்த பிறகு, அந்த மலைப் பள்ளியின் வாத்தியார் ஏதோ பதிவேட்டில் கையெழுத்து வாங்க அலுவலகத்துக்கு வந்தார். நேராக என் மேசைக்கு வந்து குனிந்தார்.

"சார், அன்னிக்குச் சின்னப்பொண்ணு பேசனது எல்லாம் ஏறிடுச்சிங்களா? மனு ஒண்ணு எழுதி, ஊர்ல எல்லார்கிட்டயும் கைநாட்டு வாங்கிக் குடுத்துடலாம்னு பாத்தேன். அந்தப் பொண்ணு வேணாங்குது. நான் சொல்லச் சொல்ல அந்த சார் எழுதிக்கினாரு, ஒண்ணுகூட வுடல, அப்பறம் எதுக்கு மனுன்னு கேக்குது. ஊரும் அது பேச்சத்தான் கேக்குது. நீங்க சொல்லுங்க சார், மனு வேணுமா?"

வேதாசலம் சாரின் அறைக் கதவு திறந்திருந்தது. விசிறி ஓடும் சத்தம் கேட்டது. மனு கொடுக்க இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருந்தது. "எதுக்கும் ஒரு மனு குடுத்துடுங்க" என்று சொன்னால் போதும். அது விதிமீறல்கூட இல்லை. ஆனால் அப்படிச் சொன்னால் 'ஏன், எழுதலையா?' என்பது அடுத்த கேள்வியாக வரும். ஒரு மலைக்காட்டுப் பெண்ணை ஏமாற்றினேன் என்று அந்த வாத்தியாருக்குத் தெரிந்துவிடும். எனக்கு அதுதான் பெரிதாகப் பட்டது. வேலை போய்விடும் என்ற பயம்கூட அந்த நிமிஷத்தில் இல்லை. மானம்.

"எல்லாம் இருக்கு. மனு எதுக்கு?" என்றேன்.

அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டது இன்னும் எனக்குக் கூசுகிறது.

குறிப்பு வெளியானதும் தண்டபாணி அலுவலகத்துக்கு வந்து ஒரு பிரதி கேட்டார். அவர் அன்றைக்கு மண்டபத்தில்தான் இருந்தார், சின்னப்பொண்ணு பேசியதைக் கண் கலங்கக் கேட்டவர். இவராவது கண்டுபிடிப்பார், கண்டுபிடித்துக் கத்துவார், என் தலையிலிருந்து பாரம் இறங்கும் என்று காத்திருந்தேன். தன் பேச்சு இருந்த பக்கத்தை மட்டும் விரலால் தடவித் தடவிப் படித்தார். "கமா, புள்ளிகூட மாறாம போட்டுக்கீற தம்பி" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டார்.

அவருடைய பேச்சு பத்திரிகைகளில் வந்தது. அதை வைத்து மறுபடி பெரிய சண்டை. எதிர்த்தவர்கள், நன்கொடையாளருக்குக் கல்வியில் என்ன வேலை என்றார்கள். ஆதரித்தவர்கள், குறிப்பைப் பாருங்கள், எல்லாரும் தலைவரைத்தான் திட்டியிருக்கிறார்கள், திட்டத்தைப் பற்றி மலையிலிருந்து ஒரு குரல்கூட எழவில்லை என்றார்கள். குறிப்பின்படி அது உண்மைதான். பைப்புக்காரரும் ஒரு பேட்டியில் அதையே சொன்னார். அந்த அம்மாவை அவர் மறந்துவிட்டாரா, அல்லது நாங்கள் அனுப்பிய தாளை நம்பி, தன் காதில் விழுந்ததைச் சந்தேகப்பட்டாரா, எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிதன் நாற்காலிக்குத் தகுதியா என்பதில் நாடே மூழ்கியிருந்தது. ஒழுகுகிற கூரையும், வாரத்துக்கு மூன்று நாள் வாத்தியாரும் அந்தச் சண்டையில் எங்குமே வரவில்லை.

அடுத்த ஜூன் மாதம் பள்ளிகளை மூடும் உத்தரவு வந்தது. எங்கள் பகுதிக்கான ஆணையை நான்தான் அடித்தேன். "மலைப்பகுதி மக்களிடமிருந்து வாய்மொழியாகவோ எழுத்துமூலமாகவோ ஆட்சேபணை ஏதும் பெறப்படவில்லை." இந்த வரியில் ஒரு பிழைகூட இல்லாமல், ஒரு அழிப்புகூட இல்லாமல், நான்கு பிரதிகள்.

அப்புறம் டெல்லியில் ஆட்சி மாறியது. குழுவைக் கலைத்தார்கள், பைப்புக்காரர் குழாய்க்குத் திரும்பிப் போனார். அவரை எதிர்த்தவர்கள் வெற்றி என்று பட்டாசு வெடித்தார்கள். பெரிய பள்ளி கட்டப்படவே இல்லை. மூடிய சின்னப் பள்ளிகளை யாரும் திறக்கவும் இல்லை. அதைத் திறக்கச் சொல்லி யாரும் சண்டை போடவில்லை. வேதாசலம் சார் பதவி உயர்வில் போனார், பிறகு ஓய்வுபெற்றார், இறந்தும் போனார். அவர் காரியத்துக்குப் போயிருந்தேன். பையில் பேனா வைத்த படத்தையே மாலை போட்டு வைத்திருந்தார்கள்.

பன்னிரண்டு, பதின்மூன்று வருஷம் ஓடியிருக்கும். வேறொரு அதிகாரியோடு வெள்ளிமலைக்கு ஒரு கூட்டத்துக்குப் போனேன். கூட்டம் முடிந்து, அதிகாரி உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் பஸ் நிற்கும் இடத்தில், ஜீப்பின் பக்கத்தில் நோட்டோடு நின்றிருந்தேன். சாமை மூட்டையை இறக்கி வைத்துவிட்டு ஒரு பெண் என்னையே பார்த்தாள். முகத்தை அல்ல, கையை.

"நீங்க அன்னிக்கி மண்டபத்துல எழுதிக்கினு இருந்தவரு இல்ல?"

தலையை மட்டும் ஆட்டினேன்.

"நான் சின்னப்பொண்ணு. அப்ப பேசனேனே." பக்கத்திலிருந்த பெண்களைக் கூப்பிட்டாள். "இவருதாண்டி. நான் சொன்னேனே, அந்தச் சாரு. இவரு ஒழுங்காத்தான் எழுதனாரு. மேல இருக்கறவனுங்கதான் கிழிச்சிப் போட்டுட்டானுங்க. வாத்தியாருகூட இவரையே போயி கேட்டுக்கீறாரு. எல்லாம் இருக்குன்னு சொல்லியனுப்பனாரு."

லட்சுமி எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். வேறு எதைக் கேட்பது?

"நாலாவதோட நின்னுட்டா. கேரளாவுக்கு மொளகு பறிக்கப் போனோம் குடும்பத்தோட, அங்கயே ஒருத்தனுக்குக் குடுத்துட்டோம். ரெண்டு புள்ள. லெட்டர் போடச் சொன்னா, எழுத்தெல்லாம் மறந்துபோச்சி ஆத்தாங்குறா." அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒன்றும் இல்லை. சாமை விலை சொல்வதுபோலச் சொன்னாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். உண்மையாகத்தான் திறந்தேன். அதற்குள் அவள் என் கையிலிருந்த நோட்டைத் தொட்டாள்.

"அன்னிக்கி எழுதனது இதுல கீதுங்களா சாமி? எம் பேச்ச ஒரு தரம் வாசிச்சிக் காட்டறீங்களா? என் வாயால நான் அவ்ளோ பேரு முன்னால பேசனது அந்த ஒரு நாளுதான். இவளுங்க நம்ப மாட்டேங்குறாளுங்க."

பெண்கள் சுற்றி நின்றார்கள். நான் நோட்டைத் திறந்தேன். பக்கத்தைப் பார்த்தபடி, "மலையிலேர்ந்து வரோம், சாமி" என்று தொடங்கி, மரம் வெட்டிப் போட்ட ரோட்டையும், வடக்கனந்தலில் படுத்ததையும், பொட்டப்புள்ளய எவன் அனுப்புவான் என்றதையும், மூணு நாளே ஜாஸ்தி என்றதையும், அவள் விட்ட இடைவெளியோடு, கடைசி "அவ்ளோதான், சாமி" வரைக்கும் வாசித்தேன். என் குரல் உடைந்தபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு ஆறுதல் சொல்கிறாளாம்.

"பாத்தியாடி," என்று திரும்பிச் சொன்னாள், "ஒரு வார்த்த வுடல."

நான் திறந்து பிடித்திருந்த பக்கத்தில் இருந்தது, அன்று காலை வெள்ளிமலைச் சாலைக்கு ஜல்லி கொட்டுவது பற்றி நடந்த கூட்டத்தின் குறிப்பு.